கல் கிண்ணத்துக்கு வெள்ளிப் பூண் கட்டுவது எப்படி: முழு வழிகாட்டி

அகேட், ஜாஸ்பர், படிகம் மாதிரி கடினமான கல்லில் குடைந்த கிண்ணத்துக்கு வாயிலும் அடியிலும் நகாசு வேலை (உளியால் அடித்து எழுப்பும் சித்திர வேலை) செய்த வெள்ளிப் பூண் கட்டும் முறையைத்தான் இங்கே முழுசாக எழுதியிருக்கிறேன். விசித்திரம் என்னவென்றால், நகை வேலையே தெரியாதவர்களைவிட கொஞ்சம் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். மோதிரத்தில் கல் பதித்த கை, இங்கேயும் உலோகத்தைக் கல்மேல் வைத்து அமுக்கிவிடலாம் என்று போகிறது. மோதிரக் கல் முழுக் கட்டி, தாங்கும். கிண்ணத்தின் வாய் இரண்டு மூன்று மி.மீ. கனம்தான், தாங்காது.

வேலை வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லைச் சோதிப்பது, கல்லுக்குப் பிரதி எடுப்பது, பிரதியின் மேல் உலோகத்தைப் பொருத்துவது, நெருப்பு வேலை எல்லாவற்றையும் முடிப்பது, மெருகு, தங்கப் பூச்சு, கடைசியாகக் கல். நான் பார்த்த உடைசல்களில் பெரும்பாலானவை இந்த வரிசையில் கல் சீக்கிரமே உள்ளே வந்ததால் நடந்தவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

925 வெள்ளித் தகடு (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) மூன்று கனத்தில் வேண்டும்: வாய்ப்பூணுக்கு 0.8 மி.மீ., அடிப்பூணுக்கு 1 மி.மீ., இணைப்புப் பட்டைகளுக்கு 1.2 மி.மீ. கீலுக்கு வெள்ளிக் குழாய், அதற்குள் இறுக்கமாகப் போகிற கம்பி, சின்னத் திருகுகள் மூன்று. பற்றாசு, அதாவது உருக்கி மூட்டை ஒட்டவைக்கும் உலோகக் கலவை, மூன்று வகை: அதிக வெப்பத்தில் உருகுவது, நடுத்தரம், குறைந்த வெப்பத்தில் உருகுவது. வாங்கும்போது காட்மியம் கலக்காதது என்று கேட்டு வாங்குங்கள், அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும்.

வெண்காரம், நகை ரம்பம், அரங்கள், கொட்டாப்புளி, வெர்னியர் காலிப்பர், நகாசு உளிகள், அரக்குக் கட்டை எல்லாம் நகைப் பட்டறையில் இருப்பவைதான். புதிதாக வாங்க வேண்டியது பிரதி எடுக்க சிலிகோன் ரப்பரும் பல் மருத்துவர்கள் அச்சு வார்க்கும் பிளாஸ்டரும். இந்த இரண்டையும் வீண் செலவு என்று விட்டவர்கள் எல்லாம் பிறகு கல்லை இழந்து கற்றுக்கொண்டார்கள், நானும் அதில் ஒருவன்.

2. கல்லைச் சோதிப்பது

கிண்ணத்தைக் கழுவி, இருட்டறையில் உள்பக்கம் சின்ன டார்ச் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். அகேட்டின் பட்டைகள் இயற்கையானவை, வெளிச்சம் அவற்றின் வழியாக நிறம் மாறிப் போகும். விரிசல் அப்படி இல்லை, ஒரு கோணத்தில் பளிச்சென்று மின்னும், கிண்ணத்தைக் கொஞ்சம் திருப்பினால் மறைந்துவிடும். சந்தேகமான இடத்தைத் தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். மேல்பரப்பு காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாகத் தெரிந்தால் அது விரிசல்தான்.

அப்புறம் கிண்ணத்தை விரல் நுனிகளில் தாங்கி நகத்தால் மெல்லச் சுண்டிப் பாருங்கள். நல்ல கல் சின்ன மணி மாதிரி ஒலிக்கும், விரிசல் உள்ளது டொக்கென்று அடங்கும். வாய் விளிம்பில் விரிசல் இருந்தால் இந்த வேலைக்கு அந்தக் கல் வேண்டாம். பூணால் விரிசலை மறைக்கலாம்தான், பழைய சாமான்களில் நிறைய மறைத்திருக்கிறார்கள். ஆனால் முதல் வேலைக்கு அது சரிப்படாது.

எந்தக் கல் என்பதும் முக்கியம். அகேட், ஜாஸ்பர், படிகம் எல்லாம் குவார்ட்ஸ் இனம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடின அளவில் 7க்கு அருகில். லாபிஸ் லசூலி 5 முதல் 5.5தான், மாலகைட் 4ஐத் தாண்டாது. மாலகைட்டும், லாபிஸில் உள்ள வெள்ளைச் சுண்ணக் கோடுகளும் அமிலம் பட்டால் அரிக்கும், அதனால் முதல் தடவை அவற்றைத் தொடாதீர்கள். அகேட்டில் வேறு ஒரு சிக்கல், அதன் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. சந்தையில் அகேட்டுக்குச் சாயம் ஏற்ற முடிவதே அதனால்தான். அடையாளம் வைக்க மார்க்கர் பேனா எடுத்தால் அந்த மையும் அப்படியே உள்ளே இறங்கிவிடும். நான் சின்னத் துண்டு டேப் ஒட்டித்தான் குறிப்பேன்.

3. உலோகம் கல்லை எங்கே தொடுகிறது என்று முடிவு செய்வது

வரைபடம் போடும்போது பூ, கொடி, யாளி என்று அலங்காரத்தில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் கிண்ணத்தைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்க்கிற மாதிரி வரைந்து, வெள்ளி கல்லைத் தொடும் இடங்களை மட்டும் சிவப்பில் குறியுங்கள்.

நான் சொல்கிற அமைப்பில் துளையும் இல்லை, பசையும் இல்லை. வாயின் மேல் தொப்பி மாதிரி உட்காரும் வாய்ப்பூண், கிண்ணத்தின் அடி உட்கார ஒரு அடிப்பூண், இரண்டையும் வெளிப்பக்கமாக இணைக்கும் மூன்று பட்டைகள். பட்டைகள் மேலே கீலில் தொங்கும், கீழே அடிப்பூணில் திருகால் இறுகும். கல் நடுவில் மாட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். பசை ஏன் கூடாது என்றால், வருடங்கள் போனால் அது மஞ்சளாகும், விடும், பிறகு பூணைக் கழற்றிப் பழுது பார்க்கவும் முடியாது.

பட்டை மூன்றுதான் இருக்கட்டும், நான்கு வேண்டாம். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பது மாதிரி, மூன்று பட்டைகள் கோணல் கிண்ணத்திலும் சமமாக இழுக்கும். நான்கில் ஒன்று எப்போதும் சும்மா தொங்கும்.

அலங்காரம் எவ்வளவு என்று தயங்குகிறவர்கள் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள பன்னிரண்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு மடாதிபதி சுஜேயின் கழுகுக் குடுவையின் படத்தைப் பார்க்கலாம். தலை, இறக்கை, கால் எல்லாம் பொன்பூசிய வெள்ளி, நடுவில் உடம்பு மட்டும் வெறும் போர்ஃபிரி என்ற செந்நிறக் கல் ஜாடி. உலோகத்தில் அத்தனை வேலை இருந்தும் கல்லை மூடவே இல்லை. புதியவர்கள் செய்கிற பூண்கள் பெரும்பாலும் கல்லின் பாதியை விழுங்கிவிடுகின்றன.

4. கல்லுக்குப் பிரதி எடுப்பது

கிண்ணத்தை உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுருக்கமில்லாமல் சுற்றுங்கள், சிலிகோனில் உள்ள எண்ணெய் நுண்துளைகளில் இறங்கிக் கறையாகிவிடக் கூடாது. வாயில் இருந்து அடி வரை வெளிப்பக்கத்துக்கும், விளிம்பைத் தாண்டி உள்ளே இரண்டு செ.மீ. வரைக்கும் சிலிகோன் பூசி, உறைந்ததும் கழற்றி, அந்த அச்சில் பிளாஸ்டர் வாருங்கள். டேப் ஒட்டிய இடத்தைப் பிரதியிலும் உடனே கீறி வையுங்கள்.

பிளாஸ்டர் உறையும்போது மிகச் சிறிதளவு விரியும், தாளின் கனமும் சேரும். ரெண்டும் நமக்கு நல்லதுதான், கல்லைவிடப் பிரதி ஒரு முடி பெரிதாக இருந்தால் அதன்மேல் செய்த பூண் கல்லில் சிரமமில்லாமல் போகும். வார்த்த பிறகு காலிப்பரால் இரண்டையும் அளந்து வித்தியாசத்தை எழுதிக்கொள்ளுங்கள். 80 மி.மீ. கிண்ணத்துக்கு 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி போதும்.

இந்த இடைவெளிக்குக் காரணம் உண்டு. குளிரும்போது வெள்ளி குவார்ட்ஸைவிட அதிகம் சுருங்கும். 30 டிகிரி குறைந்தால் 80 மி.மீ. வளையம் கல்லைவிட சுமார் 0.02 மி.மீ. கூடுதலாகச் சுருங்குகிறது. கேட்க ஒன்றுமில்லை மாதிரி இருக்கும், ஆனால் இடைவெளியே இல்லாமல் தட்டி ஏற்றிய வளையம் அந்த அளவுக்குக் கல்லை நெரிக்கும். வாய் விளிம்பில் ஏற்கெனவே சின்னச் சில்லு இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

5. வாய்ப்பூண்

இதில்தான் அதிக நேரம் போகும், அதிகத் தவறும் இங்கேதான்.

நகாசு வேலையை முதலில், தகடு தட்டையாக இருக்கும்போதே செய்யுங்கள். வளையமாக வளைத்த பிறகு அரக்கில் பிடித்து உளி வைப்பது பழகிய கைக்கே கடினம். ஆனால் தகட்டைக் கடைசி நீளத்துக்கு வெட்டிவிட்டு நகாசு செய்யாதீர்கள், உளி அடிக்க அடிக்க வெள்ளி நீளும், 250 மி.மீ. தகடு ஓரிரண்டு மி.மீ. வளர்ந்து நிற்கும். அதனால் இரண்டு பக்கமும் 15 மி.மீ. அதிகம் விட்டு, வேலை முடித்து, அரக்கைச் சுத்தமாக நீக்கி, அதற்கப்புறம் அளந்து வெட்டுங்கள். மூட்டு வரும் இடத்தில் டிசைனை நிறுத்திவிடுங்கள், பற்றவைத்த பிறகு அங்கே அரம் போக வேண்டியிருக்கும்.

நீளக் கணக்கு: பிரதியின் வாய்ப்புறத்தைக் காகிதப் பட்டையால் சுற்றி அளந்து, அதோடு தகட்டின் கனத்தை 3.14ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். காரணம், தகடு வளையும்போது உள்பக்கம் சுருங்கி வெளிப்பக்கம் நீள்கிறது, அளவு மாறாமல் இருப்பது நடுவில்தான். 0.8 மி.மீ. தகட்டுக்கு இது 2.5 மி.மீ. இந்த 2.5ஐ மறந்துவிட்டு, வளையம் ஏறவில்லை என்று கல்லின் மேல் வைத்து அமுக்குகிறவர்களை எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன்! வளையம் சின்னதாகிவிட்டால் அதை உருளையில் ஏற்றிக் கொஞ்சம் தட்டிப் பெரிதாக்கலாம், கல்லை வைத்துப் பார்த்துச் சரிசெய்ய முடியாது.

தகட்டைச் சுட்டு, வளைக்கத் தோதாக மெத்தென்று ஆக்குங்கள், உருக்கிவிடக் கூடாது. விளக்கை அணைத்துவிட்டு, மங்கலான சிவப்பு தெரிகிற வரை சுடுங்கள், அதற்கு மேல் போகாதீர்கள். 925 வெள்ளி சுமார் 800 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும், பளிச்சென்ற வெளிச்சத்தில் வேலை செய்தால் அந்தச் சிவப்பே கண்ணுக்குத் தெரியாது. வளைத்து, இரண்டு முனைகளும் வெளிச்சம் புகாத அளவுக்குச் சேர்ந்து நிற்கும்படி அரம் போட்டு, அதிக வெப்பப் பற்றாசால் பற்றவையுங்கள். பற்றாசு இடைவெளியை நிரப்பாது, ஒட்டிய முனைகளுக்கு நடுவில் ஊறி ஓடத்தான் செய்யும்.

வளையத்தைப் பிரதியில் ஏற்றிக் கொட்டாப்புளியால் வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். கல் கிண்ணங்கள் சரியான வட்டமாக இருப்பது அபூர்வம், அதனால் வளையத்திலும் பிரதியிலும் ஒரே இடத்தில் கோடு கீறி எப்போதும் அதே நிலையில்தான் ஏற்ற வேண்டும். பிறகு 1 மி.மீ. தகட்டில் வெட்டிய தட்டை வளையம் ஒன்றை மேலே வைத்து நடுத்தரப் பற்றாசால் பற்றவைத்தால், விளிம்பின் மேல் உட்காரும் உள்மடிப்பு கிடைக்கும். உள்மூலையில் வழிந்த பற்றாசைச் சுரண்டி எடுத்தாக வேண்டும். அங்கே ஒரு சின்னக் கட்டி மிச்சமிருந்தாலும் முழு இறுக்கமும் கல்லின் அந்த ஒரே புள்ளியில் போய் விழும்.

6. அடிப்பூண்

இது கொஞ்சம் எளிது. கீழே விரிந்த கூம்பு வளையம், அதன் மேல்பக்கம் உள்நோக்கிய தட்டை விளிம்பு, அந்த விளிம்பைச் சுற்றி 3 மி.மீ. உயரக் கரை. கல்லின் அடி விளிம்பில் உட்காரும், கரை அதை நழுவாமல் வைக்கும். தரையைத் தொடும் ஓரத்தில் கனமான கம்பி ஒன்றைச் சுற்றிப் பற்றவையுங்கள், இல்லையென்றால் வைக்கும்போது எடுக்கும்போது அந்த ஓரம் நசுங்கும்.

கூம்பின் உள்பக்கம், பட்டைகள் வரும் மூன்று இடங்களில் 2 மி.மீ. கனத்தில் சின்ன வெள்ளித் துண்டு பற்றவைத்து, துளையிட்டு மரை வெட்ட வேண்டும். 1 மி.மீ. தகட்டில் நேரடியாக மரை வெட்டினால் இரண்டு மூன்று சுற்றுத்தான் கிடைக்கும், மெத்தென்ற வெள்ளியில் அது முதல் இறுக்கத்திலேயே உரிந்துவிடும்.

7. பட்டைகளும் கீலும்

பட்டையின் வளைவு கிண்ணத்தின் பக்கவாட்டு வளைவை ஒட்டிப் போக வேண்டும், ஆனால் தொடக் கூடாது, நடுவில் ஒரு தபால் அட்டை போகிற இடைவெளி இருக்கட்டும். தொட்டால் பட்டையை இறுக்கும்போது அது கல்லின் பக்கத்தை உள்ளே தள்ளும். கிண்ணம் மேலிருந்து கீழாக அமுங்குவதைத் தாங்கும், பக்கவாட்டில் ஒரு புள்ளியில் குத்துவதைத் தாங்காது.

ஒவ்வொரு கீலுக்கும் குழாய்த் துண்டு மூன்று: இரண்டு வாய்ப்பூணின் கீழ் ஓரத்தில், நடுத்துண்டு பட்டையில். தனித்தனியாக வைத்துப் பற்றவைத்தால் வரிசை தவறும். நான் ஒரே குழாயை முழுசாக வைத்து மூன்று இடமும் குறித்து, உள்ளே எஃகுக் கம்பி போட்டு நேர்ப்படுத்தி, புள்ளி புள்ளியாகக் கொஞ்சமே கொஞ்சம் பற்றாசு தொட்டுப் பிடிக்க வைப்பேன், பிறகு பிரித்து முழுசாகப் பற்றவைப்பேன். எஃகுக் கம்பியை முன்பே நன்றாகச் சுட்டுக் கறுக்க வைத்திருந்தால் பற்றாசு அதில் ஒட்டாது. இதற்குக் குறைந்த வெப்பப் பற்றாசு, ஏனென்றால் பக்கத்திலேயே நடுத்தரத்தால் பற்றவைத்த உள்மடிப்பு இருக்கிறது, அது மறுபடி உருகி நகர்ந்துவிடக் கூடாது.

வெள்ளிதான் உலோகங்களிலேயே வெப்பத்தை அதிகம் கடத்துவது. தீயை மூட்டின் மேல் மட்டும் காட்டினால் சூடு முழு வளையத்துக்கும் ஓடிப்போய் மூட்டு சூடாகவே ஆகாது. முதலில் முழு வளையத்தையும் சுற்றிச் சூடேற்றி, பிறகுதான் மூட்டுக்கு வாருங்கள்.

பட்டையின் கீழ்முனையில் துளை வட்டமாக இல்லாமல் மேல் கீழாக நீண்டு இருக்கட்டும். கல்லின் உயரம் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்காது, அந்த நீளத் துளைதான் ஒவ்வொரு பட்டையையும் தனியாக இழுத்து இறுக்க இடம் தருகிறது. திருகின் தலையில் ஒரு சின்னப் பூவைப் பற்றவைத்துவிட்டால் அதுவும் அலங்காரத்தில் சேர்ந்துவிடும்.

இங்கேதான் ஒரு சபலம் வரும். எல்லாம் ஏறக்குறைய முடிந்தது, கல்லை உள்ளே வைத்துப் பார்த்தால் கச்சிதம், ஒரே ஒரு கீல் மட்டும் கொஞ்சம் விட்டிருக்கிறது, கல்லை ஈரப் பஞ்சால் மூடிவிட்டு ஒரு ஊது ஊதிவிடலாமே என்று. என் பட்டறைக்கு வந்து பழகிய ஒருவர் இதைத்தான் செய்தார். சத்தம் கூடப் பெரிதாக இல்லை, டிக் என்று ஒரு ஒலி, அவ்வளவுதான், கிண்ணம் வாயிலிருந்து அடிவரை பிளந்துவிட்டது. குறைந்த வெப்பப் பற்றாசுக்கே 700 டிகிரி அளவு வேண்டும், குவார்ட்ஸ் 573 டிகிரியில் தன் படிக அமைப்பையே மாற்றிக்கொண்டு சட்டென விரியும். ஆனால் அந்தக் கிண்ணம் அவ்வளவு சூட்டுக்கும் போகவில்லை. ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் ஈரமும் இருந்ததே போதுமாயிருந்தது. திருகைக் கழற்றிக் கல்லை வெளியே எடுக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

8. சுத்தம், மெருகு, பூச்சு

எல்லாப் பற்றவைப்பும் முடிந்ததும் துண்டுகளை இளஞ்சூடான சிட்ரிக் அமிலக் கரைசலில் போட்டால் வெண்காரக் கண்ணாடியும் கறுப்பும் கரையும். எடுக்க இரும்பு இடுக்கி வேண்டாம், கரைசலில் உள்ள செம்பு வெள்ளியின் மேல் படிந்து எல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும். செம்பு அல்லது பிளாஸ்டிக் இடுக்கியே சரி. பிறகு சோடா உப்பு கலந்த தண்ணீரில் கொதிக்க வையுங்கள். கீல் குழாய்க்குள் அமிலம் தங்கியிருந்தால் சில வாரம் கழித்து அது வெளியே கசிந்து கல்லில் கறையாக இறங்கும்.

மெருகை அரத்தில் தொடங்கி உப்புத்தாள், மெருகுக்கோல், துணி என்று வழக்கமாகச் செய்வதுதான், அதைப் பற்றி விளக்கப் போவதில்லை. ஒன்று மட்டும்: கல்லைத் தொடும் உள்பக்கத்தையும் வெளிப்பக்கம் மாதிரியே மெருகேற்றுங்கள். நகாசின் பின்பக்கத்தில் கூரான முனைகள் நிற்கும், கண்ணுக்குத் தெரியாது, விரலை ஓட்டினால் தெரியும்.

தங்கம் பூச வேண்டுமானால் மின்முலாம் பூசுகிறவரிடம் கொடுங்கள். பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்துப் பூசிச் சுடும் பழைய முறையின் நிறம் அழகுதான், அந்தப் பாதரச ஆவி உடம்பில் ஏறினால் நரம்பைப் பாதிக்கும், வீட்டுப் பட்டறையில் அதைச் செய்யவே கூடாது. கறுப்பேற்றும் ரசாயனம் போடுகிறவர்களும் அதைக் கல் இல்லாமலேயே முடித்துவிடுங்கள்.

9. கல்லைச் சேர்ப்பது

மேசையில் கனமான துணி விரித்து, கல்லை ஒரு தடவை மறுபடி டார்ச் வைத்துப் பாருங்கள். வாய்ப்பூணின் உள்மடிப்பிலும் அடிப்பூணின் விளிம்பிலும் மெல்லிய பாலியெஸ்டர் படலத்தை வளையமாக வெட்டி வையுங்கள். வெள்ளிக்கும் கல்லுக்கும் நடுவில் எதுவுமில்லாமல் விட்டால் கல் கடினமானது, வெள்ளி மெத்தென்றது, ஒவ்வொரு அசைவிலும் வெள்ளி தேய்ந்து இறுக்கம் விட்டுப்போகும்.

அடிப்பூணில் கல்லை உட்காரவைத்து, குறித்த நிலையில் வாய்ப்பூணைக் கவிழ்த்து, பட்டைகளைக் கீழே இறக்கி மூன்று திருகையும் விரலால் மட்டும் சுற்றுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கால் சுற்று, அடுத்தது கால் சுற்று என்று மாறி மாறிப் போக வேண்டும். ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் வாய்ப்பூண் ஒரு பக்கம் சாய்ந்து, எதிர்ப்பக்க விளிம்பைக் கவ்வி நெம்பும்.

எவ்வளவு இறுக்கம்? கிண்ணத்தைக் கவிழ்த்து லேசாக அசைத்தால் சத்தம் வரக் கூடாது, ஆனால் வாய்ப்பூணை விரலால் திருகினால் மிகக் கொஞ்சம் நகரலாம். அசையவே இல்லையென்றால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள். இன்னும் ஆடினால் திருகை மேலும் இறுக்காதீர்கள், கழற்றி ஆடும் பக்கத்தில் இன்னொரு படலம் வையுங்கள், ஆட்டத்துக்குக் காரணம் கல்லின் கோணல்தான். சிலர் இந்த இடத்தில் கல்லின் விளிம்பையே உரசிச் சமமாக்கப் பார்க்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள், மெருகு போய்விடும், உலர்வாக உரசினால் பறக்கிற சிலிக்கா தூசும் நுரையீரலுக்கு நல்லதல்ல.

10. முதல் மாதமும் அதற்குப் பிறகும்

ஒரு மாதம் கழித்துத் திருகுகளைத் தொட்டுப் பாருங்கள், படலம் கொஞ்சம் அமுங்கியிருக்கும், ஒரு எட்டில் ஒரு சுற்று போதும். அதற்கு மேல் தேவைப்பட்டால் எங்கோ ஒரு மூட்டு விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

வெள்ளி கறுத்தால் மெல்லிய துணியால் துடையுங்கள். முக்கி எடுக்கும் திரவங்கள் வேண்டாம், அவற்றில் அமிலம் இருக்கும், பூணுக்கும் கல்லுக்கும் நடுவில் போனால் கழுவவே முடியாது. மீயொலித் தொட்டியும் நீராவியும் மறைந்திருக்கும் விரிசலைப் பெரிதாக்கிவிடும். ரப்பர் பாய், கம்பளித் துணி இரண்டிலும் கந்தகம் உண்டு, அவற்றில் சுற்றி வைத்தால் வெள்ளி இன்னும் சீக்கிரம் கறுக்கும்.

வைப்பதற்கு அந்தக் கிண்ணத்தின் வடிவத்துக்கே குடைந்த பெட்டி செய்யுங்கள். மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள பிரெஞ்சு இளவரசரின் கல் பாத்திரங்களுக்கு ஒவ்வொன்றின் உருவத்திலேயே செய்த தோல் உறைகள் உண்டு, கைப்பிடிக்கும் மூடிக்கும்கூடத் தனித்தனிப் பள்ளம் விட்டு. நீங்கள் குடையும்போது கிண்ணத்தின் எடை அடிப்பூணின் மேல் நிற்க வேண்டும், பட்டைகளைச் சுற்றி விரல் நுழைகிற இடம் விடுங்கள். பெட்டிக்குள் கையை விட்டு எடுக்கும்போது எல்லோரும் பிடிப்பது வாய்ப்பூணைத்தான், அதைப் பிடித்துத் தூக்கினால் முழு எடையும் மூன்று கீல் ஆணிகளில் தொங்கும். விரல்கள் கல்லுக்கு அடியில் போக வழி இருக்க வேண்டும்.